கிரீடத்தின் கீழ் ‘என்’: ஒரு முத்திரை, மூன்று ஆலைகள்

மூடி போட்ட பீங்கான் குவளை ஒன்று. மூடியோடு சேர்த்து முக்கால் அடி உயரம். உடலைச் சுற்றிப் புடைப்புச் சிற்பமாக ஒரு மதுக் கூட்டம்: திராட்சைக் கொடி, குடித்துத் தள்ளாடும் கிரேக்கப் புராணத்துக் கிழட்டு சைலீனஸ், அவனைத் தாங்கிப் பிடிக்கும் இருவர், காலடியில் குழந்தைகள், ஓர் ஆடு. உடல்கள் ரோஜா நிறம், இலைகள் அழுத்தமான பச்சை, விளிம்பிலும் உட்புறத்திலும் கண்ணாடி போல மின்னும் தங்கம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நீலத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ரோமன் எழுத்து ‘என்’. விற்பவர் கட்டிவிட்ட சீட்டில், ‘கப்போடிமோன்டே, 18ஆம் நூற்றாண்டு’.

இத்தாலியப் பீங்கான் சேகரிக்கத் தொடங்கும் எவர் கையிலும் முதலில் வந்து விழும் பொருள் அநேகமாக இதுதான். ஐரோப்பியப் பழம்பொருள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. இங்கே ஆராய்வது தனியொரு குவளையை அல்ல, இந்த வகையை. சீட்டில் ஓர் இடமும் ஒரு காலமும் இருக்கின்றன, அடியில் ஒரு முத்திரை இருக்கிறது, உடலில் ஒரு பாணி இருக்கிறது. இந்த நான்கும் ஒரே பொருளில் சேரவே முடியாது. ஏன் முடியாது என்பது தெரிந்துவிட்டால், இத்தாலிய முத்திரைகளைப் படிக்கும் முறையில் பாதி கைவந்துவிடும்.

முத்திரை யாருடையது?

நேப்பிள்ஸ் மன்னர் பூர்பன் சார்லஸ் 1743இல் கப்போடிமோன்டே அரண்மனைத் தோட்டத்தில் பீங்கான் ஆலை தொடங்கினார். அவர் மனைவி மரியா அமாலியா சாக்ஸனி இளவரசி. ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையை நிறுவிய சாக்ஸனி மன்னர் அகஸ்டஸின் பேத்தி. பீங்கான் ஆசை சீதனத்தோடு வந்தது என்று சொல்வார்கள். ஆனால் மைசனுக்குக் கிடைத்த, கெட்டியான வன்பீங்கானுக்குத் தேவையான கயோலின் மண் தென்னித்தாலியில் கிடைக்கவில்லை. அதனால் கப்போடிமோன்டேயில் செய்தது மென்பீங்கான்: வெள்ளைக் களிமண்ணோடு கண்ணாடிச் சேர்மானம் கலந்து, வன்பீங்கானைவிடக் குறைந்த சூட்டில் சுட்டது. பால் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் இதமான ஊடொளி. தலைமைச் சிற்பி ஜுசெப்பே கிரிச்சி. முத்திரை பூர்பன் குலச் சின்னமான லில்லி மலர். பெரும்பாலும் நீலத்தில், சிலவற்றில் மண்ணிலேயே அழுத்தியோ தங்கத்திலோ இருக்கும். ‘என்’ எழுத்து இந்த ஆலையில் எங்குமே கிடையாது.

1759இல் சார்லஸ் ஸ்பெயின் மன்னராகப் போனபோது ஆலையையும் கையோடு கொண்டுபோனார். கைவினைஞர்கள், அச்சுகள், அரைத்து வைத்திருந்த மண்கலவை எல்லாம் கப்பலேறி மாட்ரிட் அருகே புவென் ரெத்திரோவில் இறங்கின. அங்கேயும் அதே லில்லிதான் முத்திரை. ஆகவே உண்மையான லில்லி முத்திரை கிடைத்தாலும் நேப்பிள்ஸா மாட்ரிட்டா என்ற கேள்வி மிஞ்சும். தொடக்க வருடங்களில் மண்ணும் ஆட்களும் ஒன்றே என்பதால், அதைத் தீர்ப்பது தேர்ந்தவர்களுக்கும் எளிதல்ல.

சார்லஸின் மகன் நான்காம் ஃபெர்டினாண்ட் 1771இல் புதிதாக ஓர் ஆலையைத் தொடங்கினார். முதலில் போர்ட்டிச்சியில், பிறகு 1773இல் நேப்பிள்ஸ் அரண்மனைக்கு மாற்றினார். இதன் தொடக்க முத்திரை கிரீடத்தின் கீழ் ‘எஃப்.ஆர்.எஃப்.’ என்ற மூன்று எழுத்துகள், ‘ஃபெர்டினாண்டின் அரச ஆலை’ என்பதன் சுருக்கம். அடுத்து வந்ததுதான் நாப்போலியை, அதாவது நேப்பிள்ஸை, குறிக்கும் கிரீட ‘என்’. இங்கும் மென்பீங்கான்தான். ஆனால் ரசனை வேறு. எரிமலையில் புதைந்த ரோமானிய ஊர்களான பொம்பேயும் ஹெர்குலேனியமும் தோண்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊர்க்காட்சிகள் தீட்டிய தட்டுகள், நாட்டு மக்களின் உடைவகைகள், பழங்கால ஜாடி வடிவங்கள், சிற்பி ஃபிலிப்போ தல்யோலினியின் மெருகிடாத வெள்ளை உருவங்கள் ஆகியவையே இதன் அடையாளம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாகப் போன ‘எட்ருஸ்கன்’ விருந்துத் தொகுதி 1785–87இல் இங்கே செய்தது. 1806இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்ததோடு அரச ஆலையின் காலம் முடிந்தது.

ஆக, கப்போடிமோன்டேயில் ‘என்’ இல்லை. ‘என்’ இட்ட ஆலை கப்போடிமோன்டேயில் இல்லை. இரண்டையும் ஒரே அடியில் சேர்த்தவர் யாரானாலும் அவர் பிற்காலத்தவர்.

இனி புடைப்புச் சிற்பம். குவளையைச் சுற்றிய மதுக் கூட்டம் இந்த இரண்டு ஆலைகளுக்கும் உரியதல்ல. அது ஃபுளோரன்ஸ் பக்கத்தில் செஸ்டோ ஃபியொரென்டினோவை ஒட்டிய தொச்சாவின் வேலை. அங்கே பிரபு கார்லோ ஜினோரி 1735இல் ஆலை தொடங்கினார். ஃபுளோரன்ஸின் வெண்கலச் சிற்பிகள், முக்கியமாக மாசிமிலியானோ சொல்தானி பென்ஸி, விட்டுச்சென்ற மெழுகு மாதிரிகளையும் அச்சுகளையும் வாங்கிச் சேர்த்தார். அவற்றிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவைதான் புராணக் காட்சி புடைத்த கோப்பைகளும் தட்டுகளும். அவற்றில் முத்திரையே இல்லாதவை ஏராளம். 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தவறாகக் ‘கப்போடிமோன்டே’ என்று எழுதி வைத்தார்கள். சந்தை அந்தப் பெயருக்குக் காசு கொடுத்தது. அதைப் பார்த்த தொச்சா ஆலை, தன் சொந்தப் பழைய வடிவங்களையே மறுபடி செய்து, அடியில் நேப்பிள்ஸின் கிரீட ‘என்’னைப் போட்டு விற்றது! பீங்கான் வரலாற்றில் இதைவிட வேடிக்கையான முகவரி மாற்றம் இல்லை.

அதோடும் நிற்கவில்லை. கிரீட ‘என்’னைத் தடுக்க அப்போது எந்த அரசும் இல்லை. ஜெர்மனியில் ருடோல்ஸ்டாட்டின் எர்ன்ஸ்ட் போனே, பாரிஸில் எல்லா ஆலைகளையும் நகலெடுத்த சாம்சன், பெயர் தெரியாத இத்தாலியப் பட்டறைகள் என எல்லாரும் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் அது ஒரு பாணியின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது.

மேசைமேல்

முத்திரை கடைசி. அதை முதலில் பார்த்தால் மற்ற எல்லாமே அதற்கு ஒத்துப்போவதாகத் தோன்றும். அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. தேவையான சாமான்கள் குறைவு: பத்து மடங்கு உருப்பெருக்கும் லூப், வெள்ளை எல்.இ.டி. டார்ச், புற ஊதா டார்ச், சமையலறைத் தராசு, அளவுகோல், மெல்லிய டிரேசிங் தாள், மென்மையான பென்சில், பஞ்சுக்குச்சி, கொஞ்சம் அசிட்டோன். மேசையில் மடித்த துண்டு விரித்துக்கொள்ளுங்கள். மூடியை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். இந்தக் குவளைகளில் உடைபவற்றில் பல, கவிழ்க்கும்போது மூடி கழன்று விழுந்து உடைபவைதான்.

முதலில் மண். எங்காவது சிறு சில்லு பெயர்ந்திருக்கும். கால்வளையத்தின் விளிம்பு, மூடியின் உள்விளிம்பு, இலை நுனி ஆகிய இடங்களில் தேடுங்கள். லூப்பில் அந்த வாயைப் பாருங்கள். சர்க்கரைக் கட்டி உடைந்தது போலப் பொருபொருப்பாக இருந்தால் மென்பீங்கான். சிப்பியின் உட்புறம் போல வழவழவென்று வளைந்து, கிளேஸுக்கும் (மேலே உள்ள கண்ணாடி மெருகு) மண்ணுக்கும் இடையே கோடே தெரியாமல் இருந்தால் வன்பீங்கான். உண்மையான கப்போடிமோன்டேயும் ஃபெர்டினாண்டின் நேப்பிள்ஸும் மென்பீங்கான் என்பதால், இந்த ஒரு சில்லே வழக்கைப் பாதி முடித்துவிடும். நம் வகைக் குவளைகளில் மிகப் பெரும்பாலானவை வன்பீங்கான்.

வன்பீங்கான் என்றால் அடுத்த கேள்வி அதன் வெண்மை. 18ஆம் நூற்றாண்டுத் தொச்சா மண் சாம்பல் பாய்ந்தது. அந்த ஆலையிலேயே அதற்குக் ‘கலப்பு மண்’ என்றுதான் பெயர். சூளையில் அடிப்பக்கம் வெடிப்பு விழும், கரும்புள்ளி தெறிக்கும். அந்தச் சாம்பலை மறைக்க 1765 வாக்கிலிருந்து கிளேஸில் வெள்ளீயம் கலந்தார்கள். பிரான்ஸிலிருந்து நல்ல கயோலின் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே பளிச்சென்ற, களங்கமில்லாத, குளிர்ந்த வெள்ளை உங்கள் குவளையை 1800க்கு இந்தப் பக்கம் தள்ளிவிடும். இதைத் தீர்மானிக்க டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் சாதாரண வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். சாம்பல் சாயல் உடனே தெரியும்.

இரண்டாவது, உட்புறம். பலரும் விட்டுவிடும் சோதனை இது. வெளியே சைலீனஸின் தொந்தி புடைத்திருக்கும் இடத்துக்கு நேரே உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே பள்ளம் இருந்தால், அதாவது வெளிப் புடைப்பை உட்புறம் அப்படியே பின்பற்றினால், மண்கூழை அச்சில் ஊற்றி வடித்த பொருள். உட்புறம் சீராக இருந்து, சுவர் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் இருந்து, விரல் அழுத்திய அலை தட்டுப்பட்டால், மண்ணைக் கையால் அச்சில் அழுத்திச் செய்தது. அழுத்திச் செய்வது பழைய முறை. கூழ் ஊற்றுவது 19ஆம் நூற்றாண்டில்தான் எங்கும் பரவியது. உள்ளே தங்கம் பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். எடையும் இதையே சொல்லும்: அழுத்திச் செய்தது பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனமாக இருக்கும்.

மூன்றாவது தங்கம். 18ஆம் நூற்றாண்டுத் தங்கம் பொடியாகப் பூசிச் சுட்டு, பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. மென்மையான, சற்று மங்கிய மஞ்சள். தொடும் இடங்களில் தேய்ந்து கீழுள்ள வெள்ளை எட்டிப்பார்க்கும். சூளையிலிருந்து வரும்போதே கண்ணாடியாக மின்னும் திரவத் தங்கம் மைசனில் 1830 வாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மெல்லிய படலம். லூப்பில் பார்த்தால் பித்தளைச் சாயலும், சில இடங்களில் ஊதாப் படர்வும் தெரியும். நம் குவளையின் உட்புறம் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறதே, அதற்கு வேறு பொருளில்லை.

நான்காவது பச்சை. குரோமியம் என்ற தனிமத்தையே பிரெஞ்சு வேதியியலாளர் வாக்லாங் கண்டறிந்தது 1797இல். அது பீங்கான் வண்ணமாக ஆலைகளுக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் இலைப் பச்சை செம்பிலிருந்து வந்தது: கசியும், சற்று நீலம் பாயும், ஒளி ஊடுருவும். குரோமியப் பச்சை கெட்டியாக, மூடாக்காக, புல் நிறத்தில் நிற்கும். கண்ணால் மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, வெளிறிய குரோமியப் பச்சையும் உண்டு. பெரிய தொகை கைமாறுவதாக இருந்தால் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். பொருளுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் குரோமியம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். ஒரே எச்சரிக்கை: சோதிக்கும் இடம் பின்னால் பழுதுபார்த்துப் பூசிய இடமாக இருந்துவிடக் கூடாது. அதனால்தான் அதற்கு முன் புற ஊதா விளக்கு.

இருட்டறையில் புற ஊதா டார்ச்சை மெல்ல ஓட்டினால் பழுதுபார்த்த விரல்கள், ஒட்டிய கொடிகள், நிரப்பிய விளிம்புகள் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு, பெரும்பாலும் பால்வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். வன்பீங்கான் கருநீல ஊதாவாகவும் மென்பீங்கான் வெளிறிய பீச் நிறமாகவும் தெரியும் என்பது பொதுவான வழிகாட்டிதான். அதை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதாதீர்கள். கிளேஸும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறத்தை மாற்றும். புதிய பழுதுபார்ப்புப் பூச்சுகளில் சில ஒளிர்வதே இல்லை. விளிம்பை நகத்தால் சுண்டிப் பார்க்கும் பழைய முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணி போல ஒலித்தால் முழுசு, ‘டப்’ என்றால் எங்கோ கீறல்.

மூடியையும் உடலையும் தனித்தனியாகப் பாருங்கள். வெண்மை, தங்கத்தின் சாயல், புடைப்பின் கூர்மை மூன்றும் பொருந்துகின்றனவா? உடைந்த குவளையின் மூடியை வேறொன்றின் தலையில் வைப்பது இந்தச் சந்தையில் அன்றாட வழக்கம்.

கவிழ்த்த பிறகு

இப்போது முத்திரை. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, ஜன்னலின் பிரதிபலிப்பு சரியாக நீலக் கோட்டின் மேல் விழும்படி அடியைச் சாயுங்கள். பிரதிபலிப்பு எந்தத் தடையும் இல்லாமல் கோட்டைக் கடந்து போனால் நீலம் கிளேஸுக்குக் கீழே இருக்கிறது. கோட்டின் ஓரத்தில் பிரதிபலிப்பு உடைந்தாலோ மங்கினாலோ அது கிளேஸுக்கு மேல் வைத்தது. கிளேஸுக்குக் கீழே உள்ள முத்திரையை ஆலைதான் போட முடியும். மேலே உள்ளதை வெறும் பீங்கான் வாங்கி வண்ணம் தீட்டிய எந்தப் பட்டறையும், சிறு சூளை வைத்திருக்கும் எந்தக் கையும் போடலாம்.

அடுத்து லூப்பில் கோட்டின் தன்மை. தூரிகைக் கோடு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியும், முடியும் இடத்தில் நீலம் குட்டை கட்டும். கோபால்ட் சுடும்போது சற்றுக் கசிவதால் ஓரம் புகை போல இருக்கும். ரப்பர் முத்திரைக் கோடு எங்கும் ஒரே தடிப்பு. மை ஓரத்தில் அடர்ந்து நடுவில் வெளுக்கும், வளைந்த இடத்தில் எழுத்து பாதி பதியாமல் போகும். ஒட்டுப்படத்தாள் முத்திரைக்கு ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருக்கும். கிரீடத்துக்கு எத்தனை முள், எழுத்தின் சாய்கோடு எந்தப் பக்கம் என்று முத்திரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஆண்டு கண்டுபிடிக்கப் பலர் முயல்வார்கள். கையால் தீட்டிய முத்திரையில் அது வீண் வேலை. ஒரே கை ஒரே நாளில் போட்ட இரண்டு கிரீடங்களே ஒத்திருக்காது.

பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு முத்திரையின் ஓரத்தில் பத்து விநாடி வைத்து எடுங்கள். சுட்ட எதுவும் வராது. பஞ்சில் நீலம் வந்தால் அது நேற்று போட்டது. உருவங்களின் மேல் இதைச் செய்ய வேண்டாம். சுடாத வண்ணம் பூசிய அசல் பகுதிகள் இருந்தால் அவையும் போய்விடும்.

பிறகு, ‘என்’ போதாதென்று வேறு ஏதாவது அடியில் ஒளிந்திருக்கிறதா? டார்ச்சை அடியோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். மண்ணில் அழுத்திய எழுத்துகளைக் கிளேஸ் நிரப்பியிருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாதது பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் போட்டுக் காட்டும். டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறிவிடும். இந்த வகையில் தேட வேண்டிய சொல் ‘ஜினோரி’. கிடைத்துவிட்டால் குவளை 19ஆம் நூற்றாண்டுத் தொச்சா என்று உறுதி. நல்ல ஆலையின் நல்ல வேலை. அந்த ஆலை 1896இல் மிலானின் ரிச்சர்ட் நிறுவனத்தோடு இணைந்ததால், ‘ரிச்சர்ட்-ஜினோரி’ என்று இரட்டைப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது.

சொற்களும் காலம் காட்டும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி 1891 மார்ச் முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதனால் ‘இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் இருப்பது 1891க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘மேட் இன் இத்தாலி’ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. இது ஒருவழிப் பாதை: நாட்டின் பெயர் இருந்தால் புதியது எனலாம், இல்லையென்றால் பழையது என்று சொல்லக் கூடாது. ஐரோப்பாவுக்குள் விற்றதற்கு அந்தச் சட்டம் எதையும் கேட்கவில்லை. ‘கப்போடிமோன்டே’ என்று முழுப்பெயர் எழுதியிருப்பது புதியது என்பதற்கு எல்லாவற்றிலும் தெளிவான குறி. 18ஆம் நூற்றாண்டு ஆலை லில்லியைப் போட்டதே தவிரப் பெயரை எழுதி விற்கவில்லை.

கடைசியாக, முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமை. அடியின் நடுவில் காசு அளவுக்கு மட்டும் பளபளப்பு குறைந்த தட்டையான இடம் தெரிந்தால், அங்கே இருந்த முத்திரையை அரைத்து எடுத்திருக்கிறார்கள். காரணமில்லாமல் ஒரு பொட்டுத் தங்கமோ பூவோ அடியில் பூசியிருந்தாலும் அதே கதைதான். ஜெர்மன் ஆலையின் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்தில் ‘என்’னை மட்டும் வாழவைப்பது பழைய தந்திரம். கால்வளையத் தேய்மானத்தையும் லூப்பில் பாருங்கள். நூறு வருடம் மேசைமேல் நகர்ந்தது பல திசைகளில் கீறும். உப்புத்தாளால் தேய்த்தது ஒரே திசையில் இணைகோடாகக் கீறும்.

நம் வகைக் குவளைக்கு வழக்கமாகக் கிடைக்கும் முடிவு இது: வெள்ளை வன்பீங்கான், கூழ் ஊற்றி வடித்தது, திரவத் தங்கம், கெட்டிப் பச்சை, நீல ‘என்’. காலம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. ‘ஜினோரி’ அழுத்தம் இருந்தால் தொச்சா. இல்லாவிட்டால் ஜெர்மனியோ பிரான்ஸோ இத்தாலியோ, ஆலை தெரியாதது. சீட்டில் எழுதத் தகுந்தது ‘கப்போடிமோன்டே பாணி’, அவ்வளவுதான். அதனால் அது குப்பையாகிவிடாது. தொச்சாவின் 19ஆம் நூற்றாண்டுப் புடைப்பு வேலையில், உடலின் சதை நிறத்தை ஊசிமுனைப் புள்ளிகளால் அடுக்கடுக்காக ஏற்றியிருக்கும் நேர்த்தியை லூப்பில் பார்த்தால் காசு கொடுக்கத் தோன்றும். கொடுக்கலாம், 18ஆம் நூற்றாண்டு விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த நாடோடி

இதே முத்திரையோடு இன்னொரு கூட்டம் உண்டு: பூங்கா பெஞ்சில் கிழிந்த கோட்டோடு தூங்கும் நாடோடி, சீட்டாடும் கிழவர்கள், பூக்கூடைகள், மின்விளக்குத் தண்டுகள். இவை 20ஆம் நூற்றாண்டின் பின்பாதி அலங்காரப் பொருள்கள். சிற்பி ஜுசெப்பே கப்பேயின் கையெழுத்து உள்ளவற்றைத் தனியாகச் சேகரிப்பவர்கள் உண்டு. இவற்றில் முதல் கேள்வியே பீங்கானா பிசினா என்பது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், பீங்கான் சில்லென்று இருக்கும், பிசின் இருக்காது. அடியில் ஊசித்துளைக் குமிழிகள் இருந்தாலும் பிசின்தான். ஒட்டிய பச்சைத் துணி இருந்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மற்ற முத்திரைகளில் இதே பாடம்

மயோலிகா, அதாவது வெள்ளீய மெருகிட்ட வண்ணச் சுடுமண், வேறு உலகம். ஆனால் முத்திரையின் குறும்பு அங்கேயும் உண்டு. 1520கள், 30களில் இத்தாலியின் குப்பியோ என்ற ஊரில் முடித்த தட்டுகளின் பின்பக்கம் மினுமினுக்கும் பொன்னிறத்தில் அவ்வூர்ப் பட்டறைக்காரர் மாயெஸ்த்ரோ ஜியோர்ஜியோவின் முதலெழுத்தும் ஆண்டும் இருக்கும். தட்டையே அவர் தீட்டினார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உர்பினோ போன்ற ஊர்களில் தீட்டிய தட்டுகள் பொன்மினுக்கு ஏற்றுவதற்காக மட்டும் அவர் பட்டறைக்கு வந்தன. கையெழுத்து அந்தக் கடைசிச் சூட்டுக்குரியது.

சேவல் முத்திரை ஃபுளோரன்ஸின் கான்டகாலி பட்டறையுடையது. குடும்பப் பெயரிலேயே ‘பாடும் சேவல்கள்’ இருக்கின்றன. உலிஸே கான்டகாலி 1878இல் பொறுப்பேற்ற பிறகு, மறுமலர்ச்சிக்கால மயோலிகாவையும் துருக்கிய இஸ்னிக் பாணியையும் அச்சு அசலாகச் செய்து, அடியில் நேர்மையாகச் சேவலைப் போட்டார்கள். அந்தச் சேவலை அரைத்து அழித்துவிட்டால் தட்டுக்கு முந்நூறு வயது கூடிவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. மயோலிகாவில் அரைத்தால் வெள்ளை மெருகு போய்க் கீழுள்ள மஞ்சள் கலந்த சுடுமண் தெரியும், அதனால் பிடிப்பது எளிது.

1950களின் வேலைகளில் சிக்கல் தலைகீழ்: பெயரே இருக்காது. மொன்டெலூப்போவின் பிட்டோஸி நிறுவனத்தில் ஆல்டோ லோன்டி வடிவமைத்த ‘ரிமினி ப்ளூ’ நீலப் பாண்டங்களில் பலவற்றின் அடியில் கையால் எழுதிய ஓர் எண்ணும் ‘இத்தாலி’ என்ற சொல்லும் மட்டும்தான். அந்த எண் மாடலையும் அளவையும் குறிப்பது. அதை ஆண்டாகப் படிப்பவர்கள் தினமும் ஏமாறுகிறார்கள். நியூயார்க்கின் ரேமார் போன்ற இறக்குமதியாளர்களின் தாள் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கழுவிவிடாதீர்கள். அது விற்றவர் பெயர், செய்தவர் பெயரல்ல என்றாலும் தடம் அதுதான். மட்பாண்டக் கலைஞர் குயிதோ கம்போனே தன் பெயரோடு ஒரு சின்னக் கழுதையை வரைவார். கழுதை, தென்னித்தாலியின் மட்பாண்ட ஊரான வியெத்ரி வட்டாரத்துக்கே பொதுவான சின்னம் என்பதால், கழுதையை மட்டும் பார்த்து அவர் பெயரைச் சொல்லிவிடக் கூடாது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

இணையத்தில் வாங்குவதானால் ஐந்து படம் கேளுங்கள்: முழு உருவம், உட்புறம், சாய்ந்த வெளிச்சத்தில் அடி, அளவுகோலோடு முத்திரை, சில்லு பெயர்ந்த இடம். முத்திரைப் படம் மட்டும் துல்லியமாக இருந்து மற்றவை மங்கலாக இருந்தால் விற்பவரின் நோக்கம் புரிந்துவிடும். ஏலப் பட்டியலில் ‘பாணி’ என்றும் ‘கிரீட என் முத்திரையோடு’ என்றும் எழுதியிருந்தால், ஏல நிறுவனம் எந்த ஆலையையும் உத்தரவாதம் செய்யவில்லை என்று பொருள்.

இத்தாலியிலேயே வாங்கி வெளியே கொண்டுபோவதானால் சட்டம் உண்டு. 2017இல் திருத்திய விதிகளின்படி, 70 ஆண்டு கடந்த, செய்தவர் உயிரோடில்லாத கலைப்பொருளின் மதிப்பு 13,500 யூரோவுக்கு உட்பட்டிருந்தால் ஏற்றுமதி அலுவலகத்தில் சுய அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வெளியேறும் சான்றிதழே வாங்க வேண்டும். விற்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதை யார் செய்வது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, மண் வகை, வார்ப்பு முறை, தங்கம், முத்திரை கிளேஸுக்கு மேலா கீழா, மில்லிமீட்டரில் முத்திரையின் அளவு, வாங்கிய இடம், விற்றவர் சொன்னது, நீங்கள் கண்டது. கடைசி இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். விற்றவர் சொன்னது நாளடைவில் நீங்கள் கண்டதாக மாறிவிடும் பழக்கம் எல்லாச் சேகரிப்பிலும் உண்டு.

கழுவுவதற்கு இளஞ்சூடான தண்ணீர், ஒரு துளி பாத்திரச் சோப்பு, மென்மையான தூரிகை போதும். ஊறவைக்க வேண்டாம். புடைப்பு வேலையின் அடியில் உள்ளீடற்ற இடங்களில் தண்ணீர் தங்கும், பழைய ஒட்டு இளகும். பிளீச் தங்கத்தையும் ஒட்டையும் கெடுக்கும். மயோலிகாவில் அது மண்ணுக்குள் இறங்கி உப்பாகப் படிந்து, பிறகு மெருகையே உரித்துத் தள்ளும். எலுமிச்சை, வினிகர் எதுவும் பொன்மினுக்கின் பக்கம் வரக் கூடாது. பழைய மயோலிகா மெருகில் ஈயம் இருக்கும், அதில் எதையும் வைத்துச் சாப்பிடாதீர்கள். சுவரில் தட்டு மாட்டும் ஸ்பிரிங் கம்பிகள் விளிம்பை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருப்பவை, ஏற்கனவே கீறல் உள்ள தட்டு ஒருநாள் தானாக இரண்டாகும். மூடியுள்ள குவளைகளைப் பெட்டியில் வைக்கும்போது மூடியை அதன் இடத்தில் வைத்து மூட வேண்டாம். அமிலமில்லாத தாளில் தனியாகச் சுற்றி, குவளைக்குப் பக்கத்தில், உருவம் மேலே பார்க்கும்படி வையுங்கள்.